முருங்கை விதை எண்ணெயும் அழுத்திய கார்பன் டை ஆக்சைடும்: கரைதிறன் கணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை விதை வியாபாரம் செய்கிறவர்கள், காங்கேயத்து எண்ணெய் ஆலைக் குடும்பத்துப் பிள்ளைகள், வேதிப் பொறியியல் கடைசி ஆண்டில் புராஜெக்ட் செய்கிற மாணவர்கள் என்று பலர், அழுத்திய கார்பன் டை ஆக்சைடால் விதையிலிருந்து எண்ணெய் எடுப்பது பற்றிப் பல வருடங்களாக என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே தந்திருக்கிறேன். உதாரணமெல்லாம் முருங்கை விதையைச் சுற்றியே இருக்கும். ஆனால் எள், ஆமணக்கு, வேம்பு எதுவானாலும் கணக்கின் வழி ஒன்றுதான்.

ஏனுங்க, சோடாவில் இருக்கிற வாயு எண்ணெயை எப்படிக் கரைக்கும்?

சோடாவில் இருக்கும்போது கரைக்காது. அந்த வாயுவை 31.1 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, 73.8 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் அழுத்தினால் அது வாயுவாகவும் இருக்காது, திரவமாகவும் இருக்காது. பள்ளிப் பாடத்தில் நிலைமாறு வெப்பநிலை, நிலைமாறு அழுத்தம் என்று படித்திருப்பீர்களே, அந்த இரண்டையும் தாண்டிய நிலை இது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சூப்பர்கிரிட்டிக்கல் என்றே சொல்கிறோம். அந்த நிலையில் அதன் அடர்த்தி திரவத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். 40 டிகிரி, 300 பாரில் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 910 கிராம் எடை இருக்கும். அதே சமயம் வாயு மாதிரி இண்டு இடுக்கெல்லாம் புகுந்து வரும். அழுத்தத்தை விட்டால் போதும், மறுபடி வாயுவாகிப் பிரிந்து போய்விடும், எண்ணெய் மட்டும் கீழே தங்கும். எண்ணெய் இறக்க ஆலைகளில் பயன்படுத்துகிற ஹெக்சேன் கரைப்பான் போலத் தீப்பிடிக்கிற ஆபத்தும் இல்லை, எண்ணெயில் மிச்சம் தங்குகிற பயமும் இல்லை.

கார்பன் டை ஆக்சைடுக்கு இப்படி ஒரு எல்லை உண்டு என்று 1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் காட்டினார். அழுத்திய வாயுவில் திடப்பொருள் கரையும் என்று 1879-இல் ஹான்னேயும் ஹோகார்த்தும் காட்டினார்கள். செய்தி பழையது, நம் ஊருக்கு வந்ததுதான் சமீபத்தில்.

கரைதிறனை எதற்குக் கணிக்க வேண்டும்? மிஷினில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே?

மிஷின் வாங்குவதற்கு முன்னால் தெரிய வேண்டும் என்பதுதான் விஷயம். 300 பார் தாங்குகிற பாத்திரமும் 500 பார் தாங்குகிற பாத்திரமும் ஒரே விலையில் கிடைக்காது. ஒரு கிலோ எண்ணெய் இறக்க எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடைச் சுற்றவிட வேண்டும் என்பதைக் கரைதிறன்தான், அதாவது ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு தாங்குகிற எண்ணெயின் உச்ச அளவுதான், சொல்லும். பம்ப் எவ்வளவு பெரியது, குளிரூட்டி எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. நூறு சேர்க்கைகளில் அளந்து பார்க்க யாருக்கும் காசும் நாளும் இல்லை. பதினைந்து இருபது இடத்தில் ஒழுங்காக அளந்து, மீதியைச் சமன்பாட்டால் நிரப்பிக்கொள்வதுதான் கணிப்பு.

எந்தச் சமன்பாட்டில் தொடங்கலாம்?

கிராஸ்டில் என்ற ஆய்வாளர் 1982-இல் எழுதியதில் தொடங்குங்கள். கரைகிற பொருளின் ஒரு மூலக்கூறைச் சுற்றி இத்தனை கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் கூட்டாகச் சேர்கின்றன என்று வைத்துக்கொண்டு அவர் வந்தடைந்த உறவு இது:

கரைதிறனின் இயல் மடக்கை = க × (அடர்த்தியின் இயல் மடக்கை) + அ ÷ வெப்பநிலை + ஆ

வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும். அடர்த்தி என்பது சுத்தமான கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி. அளந்த புள்ளிகளோடு சமன்பாடு ஒத்துப்போகும்படி (இதைத்தான் பொருத்துவது என்கிறோம்) நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது க, அ, ஆ என்ற மூன்று எண்கள்தான். அழுத்தம் சமன்பாட்டில் நேரடியாக வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அழுத்தம் அடர்த்தியை மாற்றுகிறது, அடர்த்தி கரைதிறனை மாற்றுகிறது. இது மனசில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தாவர எண்ணெய்க்கென்று தயாராக எண்கள் இருக்கிறதா?

இருக்கிறது. டெல் வாலே, அகிலேரா இருவரும் 1988-இல் கிராஸ்டிலின் உறவில் வெப்பநிலையின் வர்க்கம் வருகிற ஓர் உறுப்பைக் கூடுதலாகச் சேர்த்து, பல தாவர எண்ணெய்களின் அளவீடுகளுக்குப் பொதுவாகப் பொருத்தினார்கள்:

கரைதிறனின் இயல் மடக்கை = 40.361 − 18708 ÷ வெப்பநிலை + 2186840 ÷ (வெப்பநிலையின் வர்க்கம்) + 10.724 × (அடர்த்தியின் இயல் மடக்கை)

இதில் கரைதிறன் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று வரும். அடர்த்தியை லிட்டருக்குக் கிலோ கணக்கில் போட வேண்டும். 20 முதல் 80 டிகிரி வரை, 150 முதல் 880 பார் வரை இதைப் பயன்படுத்தலாம்.

ஒன்று போட்டுப் பார்த்துவிடுவோம். 40 டிகிரி என்றால் 313.15 கெல்வின். 300 பாரில் அடர்த்தி 0.910. முதல் மூன்று உறுப்புகளும் சேர்ந்து 40.361 − 59.741 + 22.300 = 2.920. அடர்த்தி உறுப்பு 10.724 × (−0.0943) = −1.011. மொத்தம் 1.909. மடக்கையிலிருந்து மறுபடி எண்ணுக்குத் திரும்பினால் (e-யின் 1.909 அடுக்கு) லிட்டருக்கு ஏறக்குறைய 6.75 கிராம்.

இதே 40 டிகிரியில் 200 பார் என்றால் அடர்த்தி 0.840, கரைதிறன் 2.9 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அடர்த்தி கூடியது எட்டு சதவீதம்தான், ஆனால் எண்ணெய் இரண்டேகால் மடங்குக்கு மேல் கூடிவிட்டது. காரணம் அந்த 10.724. அடர்த்தியை ஏறக்குறைய பதினொரு முறை தன்னோடு தானே பெருக்கின மாதிரி.

இனி இதைத் தொழில் கணக்காக மாற்றுங்கள். 200 பார், 40 டிகிரியில் ஒரு கிலோ எண்ணெய்க்குக் குறைந்தபட்சம் 294 கிலோ கார்பன் டை ஆக்சைடு சுற்ற வேண்டும். 300 பாரில் 135 கிலோ போதும். 400 பார், 60 டிகிரி என்றால் 62 கிலோ வரைக்கும் இறங்கிவிடும். வாயு திரும்பத் திரும்பச் சுற்றுவதுதான், தீர்ந்து போவதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் அதைக் குளிரவைத்து, அழுத்தி, சூடாக்க வேண்டும் அல்லவா, செலவு அங்கேதான்.

சூடு கூடினால் எண்ணெய் அதிகம் கரையும்தானே? அளந்து பார்த்தால் குறைகிறதே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்பவர் உண்மையிலேயே அளந்திருக்கிறார் என்று இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

சூடு இரண்டு வேலை செய்கிறது. எண்ணெய் மூலக்கூறுகள் பிரிந்து வருகிற போக்கை, அதாவது ஆவி அழுத்தத்தை, கூட்டுகிறது. அதே நேரம் கார்பன் டை ஆக்சைடை விரியவைத்து அடர்த்தியைக் குறைக்கிறது. முதலாவது கரைதிறனை ஏற்றும், இரண்டாவது இறக்கும். எது ஜெயிக்கும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது.

மேலே உள்ள சமன்பாட்டிலேயே பாருங்கள். 200 பாரில் 40 டிகிரிக்கு 2.9 கிராம், 60 டிகிரிக்கு 1.6 கிராம்தான். அடர்த்தி 0.840-இலிருந்து 0.724-க்கு விழுந்ததுதான் காரணம். 300 பாரில் இரண்டு வெப்பநிலையிலும் ஏறக்குறைய ஒரே 6.75. 400 பாரில் 40 டிகிரிக்கு 11.4, 60 டிகிரிக்கு 14.3. ஆக, 300 பார் பக்கத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. இதைக் குறுக்குவெட்டு அழுத்தம் என்கிறோம். அதற்குக் கீழே வேலை செய்கிறவர் ஹீட்டரைக் கூட்டினால் நஷ்டம், மேலே வேலை செய்கிறவருக்கு லாபம்.

உங்கள் அளவீட்டில் இந்தக் குறுக்குவெட்டு தென்படவில்லை என்றால் சமன்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். முதலில் வெப்பநிலை அளக்கிற தெர்மோகப்பிளையும் பிரஷர் கேஜையும் சரிபாருங்கள்.

சின்னப் பிழை இருந்தால் என்ன பெரிதாக ஆகிவிடும்?

அந்தப் பதினொன்று பிழையையும் பெருக்கும். 300 பார், 40 டிகிரியில் வெப்பநிலை ஒரு டிகிரி தவறினால் அடர்த்தி அரை சதவீதம் அளவுக்கு மாறும். அந்த மாற்றம் கரைதிறனில் ஐந்து சதவீதப் பிழையாகும், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 100 பார், 40 டிகிரியில் அடர்த்தி 0.629. அங்கே ஒரு டிகிரி கூடினால் அடர்த்தி நான்கு சதவீதம் இறங்கிவிடும். அதே அடுக்கு அங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால் கரைதிறன் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நிலைமாறு புள்ளிக்கு அருகே அளந்த எண்களை நான் பொருத்தலில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் அந்த ஒன்றிரண்டு புள்ளிகள் மொத்தக் கோட்டையும் தங்கள் பக்கம் இழுத்துவிடும்.

அடர்த்தியை எங்கிருந்து எடுப்பது?

ஸ்பான், வாக்னர் இருவரும் 1996-இல் வெளியிட்ட நிலைச் சமன்பாட்டிலிருந்து (அழுத்தம், வெப்பநிலை, அடர்த்தி மூன்றையும் இணைக்கிற சமன்பாடு) எடுங்கள். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் அந்த எண்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. பழைய பாடப்புத்தக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் படிக்க வேண்டாம்.

நான் பொருத்தின ‘ஆ’ மைனஸில் வருகிறது, கட்டுரையில் பிளஸ் இருக்கிறதே?

அலகு மாறியிருக்கும். அடர்த்தியைக் கன மீட்டருக்குக் கிலோ என்று போட்டால் எண் ஆயிரம் மடங்கு ஆகிறது. 10.724-ஐ ஆயிரத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் 74.08. ஆகவே 40.361 என்பது −33.72 ஆகிவிடும். க-வும் அ-வும் மாறாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு கட்டுரைகளின் மாறிலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு வேதியியல் விளக்கம் எழுதிய புராஜெக்ட் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கிறது. அட்டவணைக்குத் தலைப்பு எழுதும்போதே அலகையும் எழுதிவிடுங்கள்.

க என்பது உண்மையிலேயே மூலக்கூறுகளின் எண்ணிக்கையா?

கிராஸ்டில் அப்படி நினைத்துத்தான் தொடங்கினார். ஆனால் 10.7 மூலக்கூறு என்று ஒன்று கிடையாது, அது ஒரு சராசரிப் போக்கு. அடர்த்திக்குக் கரைதிறன் எவ்வளவு கூர்மையாக வளைந்து கொடுக்கிறது என்பதற்கான அளவாக அதை வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் இதிலிருந்து மூலக்கூறுகளின் படம் வரைவதை நான் ஊக்குவிப்பதில்லை.

பெங்-ராபின்சன் சமன்பாடு இன்னும் அறிவியல்பூர்வமானது என்று எங்கள் கைடு சொல்கிறாரே?

உங்கள் ஆசிரியர் சொல்வது தப்பில்லை. 1976-இல் வந்த அந்த நிலைச் சமன்பாட்டுக்கு வெப்ப இயக்கவியல் அடித்தளம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடையும் கரைபொருளையும் ஒரே கணக்கில் கொண்டுவரும். சிக்கல் கரைபொருள் பக்கம். முருங்கை எண்ணெயில் பெரும்பகுதி ஓலியிக் அமிலத்தின் ட்ரைகிளிசரைடுகள், அதாவது மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பெரிய மூலக்கூறுகள். மூன்றும் ஓலியிக் அமிலமாக இருக்கிற ட்ரையோலின் மூலக்கூறு எடை 885, கார்பன் டை ஆக்சைடுக்கு 44. இவ்வளவு பெரிய மூலக்கூறு கொதிப்பதற்கு முன்னாலேயே சிதைந்துவிடும். அதன் நிலைமாறு வெப்பநிலையை யாரும் அளக்க முடியாது. ஜோபாக் முறை போல மூலக்கூறில் உள்ள அணுத் தொகுதிகளின் பங்கைக் கூட்டி மதிப்பிட வேண்டியதுதான். மதிப்பீட்டின் மேல் ஒரு மதிப்பீடு, அதன் மேல் இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் இரண்டு பொருளுக்கும் இடையேயான ஒரு திருத்த மாறிலியை ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனியாகப் பொருத்தித்தான் எண்ணைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும்.

எத்தனால் போன்ற துணைக் கரைப்பானைக் கூடவே சேர்க்கும்போது, பிரிப்பான் பாத்திரத்தில் என்ன நடக்கும் என்று பார்க்கும்போது, அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. வெறும் எண்ணெய்க் கரைதிறனுக்கு அடர்த்திச் சமன்பாடே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அளவீடு நல்லதா என்று சமன்பாட்டை வைத்தே சோதிக்க முடியுமா?

முடியும். மெண்டெஸ்-சாண்டியாகோ, தேஜா இருவரும் 1999-இல் தந்த உறவு இதற்கு மிகவும் உதவும். மோல் பின்னத்தையும் (கலவையின் மொத்த மூலக்கூறுகளில் எண்ணெயின் பங்கு) அழுத்தத்தையும் பெருக்கி, அதன் மடக்கையை எடுத்து, வெப்பநிலையால் பெருக்குங்கள். அதிலிருந்து ஒரு மாறிலி × வெப்பநிலை என்பதைக் கழித்து, அடர்த்திக்கு எதிராக வரையுங்கள். அளவீடு ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தால் 40, 50, 60 டிகிரிப் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து உட்காரும். ஒரு வெப்பநிலையின் புள்ளிகள் மட்டும் கூட்டமாக விலகி நின்றால் அந்த நாளின் அளவீட்டில் ஏதோ கோளாறு. இந்தச் சோதனையைச் செய்யாமல் சராசரிப் பிழை இத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதுவது போதாது.

மிஷின் லேர்னிங் போட்டால் இன்னும் துல்லியமாக வருமே?

கையில் இருபத்தைந்து புள்ளிகள்தான் இருக்கின்றன என்றால் அது மனப்பாடம்தான் செய்யும். நீங்கள் அளக்காத 450 பாரைக் கேட்டால் என்ன சொல்லும் என்று உத்தரவாதம் இல்லை. ஒன்பது புள்ளிகளுக்கு ஆறு மாறிலி பொருத்துகிறவர்களுக்கும் இதே பதில்.

மரச்செக்கில் ஆட்டினாலும் எண்ணெய் வருகிறது. விதையை இன்னும் பொடியாக அரைத்தால் கரைதிறன் கூடுமா?

கூடாது. இங்கேதான் அதிகக் குழப்பம். கரைதிறன் என்பது கார்பன் டை ஆக்சைடு தாங்குகிற உச்ச அளவு. விதை பொடியா நொய்யா என்பது அதற்குத் தெரியாது. அரைப்பதால் மாறுவது எண்ணெய் வெளியே வருகிற வேகம். உடைந்த செல்லில் இருக்கிற எண்ணெய் உடனே கிடைக்கும், உடையாத செல்லில் இருப்பது மெதுவாக ஊறித்தான் வர வேண்டும். சோவோவா 1994-இல் தந்த மாதிரி இந்த இரண்டையும் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. எண்ணெய் வரவை நேரத்துக்கு எதிராக வரைந்தால் முதலில் ஒரு நேர்கோடு, அப்புறம் வளைந்து படுத்துவிடும். முதல் நேர்கோட்டுக்குக் கரைதிறன்தான் எல்லை. வளைந்த பிறகு விதையின் உள்ளமைப்புதான் எல்லை. இரண்டையும் கலந்து ஒரே சராசரி எடுத்து அதைக் கரைதிறன் என்று எழுதினால் எந்தச் சமன்பாடும் பொருந்தாது.

மாவு மாதிரி அரைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. பாத்திரத்தில் நிரப்பிய விதைப் படுகை இறுகி, வாயு ஒரே பக்கமாக வழி பண்ணிக்கொண்டு போய்விடும்.

போன வருட விதையை வைத்து அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் தனிக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று காட்டுகிற அமில மதிப்பைப் பார்த்துவிட்டு. பழைய விதையில், ஈரம்பட்ட விதையில், ட்ரைகிளிசரைடு உடைந்து தனிக் கொழுப்பு அமிலங்கள் கூடியிருக்கும். அவை சின்ன மூலக்கூறுகள், கார்பன் டை ஆக்சைடில் எளிதாகக் கரையும். முதல் அரை மணியில் அவையே முந்திக்கொண்டு வரும். நீங்கள் எண்ணெயின் கரைதிறன் என்று எழுதுவது உண்மையில் கெட்டுப்போன பகுதியின் கரைதிறனாக இருக்கும். எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல என்பதை மறக்கவே கூடாது.

வேப்பங்கொட்டை, மஞ்சளுக்கும் இதே எண்கள் பொருந்துமா?

வேப்பெண்ணெய்க்குக் கிட்டத்தட்ட வரும். ஆனால் பூச்சிமருந்துக்காக எல்லோரும் தேடுகிற அசாடிராக்டின் ஆக்சிஜன் நிறைந்த, முனைவுத்தன்மை கூடிய மூலக்கூறு. வெறும் கார்பன் டை ஆக்சைடில் சரியாகக் கரையாது, எத்தனால் போன்ற துணைக் கரைப்பான் வேண்டும். மஞ்சள் விதை அல்ல, ஆனாலும் ஈரோட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. மணம் தருகிற டர்மரோன்கள் நன்றாக வரும், நிறம் தருகிற குர்குமின் மஞ்சளிலேயே தங்கிவிடும்.

எங்கள் ஊரில் வெயில் காலத்தில் பம்ப் சரியாக இழுப்பதில்லை. ஏன்?

கரூர் பரமத்தியில் கோடையில் 40 டிகிரி தொடுவது சாதாரணம். சிலிண்டர் 31.1 டிகிரியைத் தாண்டிவிட்டால் உள்ளே திரவம் என்பதே கிடையாது. பம்ப் திரவத்தை எதிர்பார்க்கிறது, வருவதோ அமுங்குகிற வாயு. பம்ப் தலையையும் வரும் குழாயையும் 5 டிகிரிக்குப் பக்கத்தில் குளிர வைத்திருங்கள், சிலிண்டரை நிழலில் வையுங்கள். இதைவிட முக்கியம், அறையில் காற்றோட்டம். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும், மூச்சை அடைத்துவிடும். ஜன்னல் இல்லாத அறையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

செக்கு வைத்திருக்கிறவர் இதற்கு மாறலாமா?

சமையல் எண்ணெய்க்கு வேண்டாம். இந்த முதலீட்டை லிட்டர் விலையில் எடுக்க முடியாது. அழகுசாதனத்துக்குப் போகிற முருங்கை விதை எண்ணெய்க்கு யோசிக்கலாம். அதோடு புண்ணாக்கு சூடுபடாமல் கிடைக்கிறது. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கிற புரதம் அதில் அப்படியே இருக்கும், கார்பன் டை ஆக்சைடு புரதத்தைத் தொடுவதில்லை.

என் எண்கள் டெல் வாலே-அகிலேரா கணக்கில் பாதிதான் வருகின்றன. முருங்கை வித்தியாசமானதோ?

கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். முருங்கையில் பெஹனிக் அமிலம் என்ற நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலமும் உண்டு. ஆனால் பாதி என்றால் முதலில் கார்பன் டை ஆக்சைடின் ஓட்டத்தைச் சந்தேகப்படுங்கள்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். முதல் பருவத்தில் பதினாறு புள்ளிகள் அளந்தேன். எல்லாமே குறைவாக, ஆனால் ஒழுங்காகக் குறைவாக வந்தன. கிராஸ்டில் உறவு அழகாகப் பொருந்தியது. முருங்கைக்கென்று தனி மாறிலி கிடைத்துவிட்டது என்று நம்பி கட்டுரையும் எழுதத் தொடங்கிவிட்டேன். ஒருநாள் வெளியேறும் வால்வில் உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) அடைத்துக்கொண்டது. அழுத்தம் விடும் இடத்தில் வாயு அவ்வளவு குளிர்ந்துவிடும், வால்வை வெளியிலிருந்து சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. ஓட்டம் பாதியாகிவிட்டது. அன்றைக்கு வந்த எண் மட்டும் மற்ற நாட்களைவிட உயரமாக இருந்தது. பிழைப் புள்ளி என்று தூக்கி எறியப் போனேன். அப்புறம்தான் உறைத்தது: வழக்கமான ஓட்டத்தில் கார்பன் டை ஆக்சைடு நிரம்புவதற்கு நேரமே கொடுக்காமல் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதே அழுத்தம், அதே வெப்பநிலையில் ஓட்டத்தைப் பாதியாக்கி அளந்தேன், எண் ஏறியது. மறுபடி பாதியாக்கினேன், கொஞ்சம் ஏறியது. மூன்றாவது முறை பாதியாக்கியபோது மாறவில்லை. அந்த மாறாத எண்தான் கரைதிறன். எண்ணெயைக் கண்ணாடி மணிகளின் மேல் பூசி, அந்த மெதுவான ஓட்டத்தில் பதினாறு புள்ளிகளையும் முதலிலிருந்து அளந்தேன். இப்போது எந்த மாணவர் வந்தாலும், இரண்டு ஓட்டங்களில் ஒரே எண் வந்ததற்கான பக்கத்தை நோட்டில் காட்டிய பிறகுதான் சமன்பாட்டைத் திறக்கிறோம்.